என் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார்

நாடகத்தில் எனக்கு மாமியார் வேஷம் கிடைத்ததற்குக் காரணம் என் திறமை இல்லை, உத்தமபாளையத்திலிருந்து தாமதமாக வந்த பஸ். எங்கள் மகளிர் குழுவில் கழிப்பறை விழிப்புணர்வு நாடகம் போடுவதென்று முடிவாகி, வேஷம் பிரிக்கக் கூட்டம் கூட்டியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கலெக்டர், டாக்டர், நர்ஸ், நல்ல மருமகள் எல்லாம் முடிந்துவிட்டது. கலெக்டர் வேஷத்துக்கு மட்டும் மூன்று பேர் மல்லுக்கு நின்று, கடைசியில் கஞ்சி போட்ட காட்டன் சேலை வைத்திருந்தவளுக்கு அது போயிற்று. மிச்சம் இருந்தது, வீட்டுக்குள் கக்கூஸ் கட்டவே கூடாது என்று மருமகளோடு சண்டை பிடிக்கிற மாமியார் மட்டும்தான்.

நான் பிறந்தது அனுமந்தன்பட்டி, வாக்கப்பட்டது பண்ணைப்புரம். பன்னிரண்டாவது வரை படித்தவள். வீட்டுக்காரருக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ஃபிட்டர் வேலை. ஒரே பையன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருந்தான். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமியாரும். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒருமுறை மரமாக நின்றதைத் தவிர மேடை அனுபவம் எதுவும் கிடையாது.

அந்த வேஷத்தை எப்படிச் செய்வது என்று நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பார்த்துக் கற்றுக்கொள்ள வீட்டிலேயே ஆள் இருந்தது. பதில் சொல்வதற்கு முன் மூக்கை ஒரு தரம் உறிஞ்சுவது, கோபம் வந்தால் முந்தானையை உதறி மறுபடி செருகுவது, யாரையும் நேரே திட்டாமல் பக்கத்தில் கட்டியிருக்கிற ஆட்டைப் பார்த்துத் திட்டுவது. இருபது வருஷத்துக்கு மேல் பக்கத்தில் இருந்து பார்த்ததை மேடையில் அப்படியே இறக்கி வைத்தேன். மேடைக்கு ஆடு கிடைக்கவில்லை என்பதால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திட்டினேன்.

முதல் நாடகம் எங்கள் ஊர் சமுதாயக்கூடத்தில் நடந்தது. நான் மூக்கை உறிஞ்சிய மாத்திரத்தில் கூட்டம் சிரித்தது. பாதிப் பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த என் மாமியார் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

"ஏத்தா, அது எங்க நாத்துனாதான? அப்படியே உரிச்சு வச்சிருக்கியே. அவள எப்ப நீ இம்புட்டு உத்துப் பாத்த?"

"கல்யாணங் காச்சியில பாத்ததுதான் அத்தை" என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லா வேணும் அவளுக்கு" என்றார்.

அந்த நாடகத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கொண்டு போனோம். சந்தை நாளில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், ஊராட்சி அலுவலக வாசலில் என்று இடம் பார்க்காமல் போட்டோம். எத்தனை வீட்டில் கக்கூஸ் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னைப் பிடிக்காதவர்கள் எல்லா ஊரிலும் உண்டானார்கள். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். கம்பத்தில் ஒரு கிழவி என்னை நிறுத்தி, "அந்தப் புள்ளைய அந்தப் பாடு படுத்துறியே, நீ நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அதன் பலன் என் பையன் தலையில் விடிந்தது. சின்னமனூரிலிருந்து ஒரு பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண்ணின் அம்மா வாசல் வரை சிரித்த முகமாக வந்தார். காபித் தட்டோடு நான் வெளியே வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இவுக அவுகதான?" என்று தன் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "அது நாடகம்ங்க. வீட்ல இவ அப்படியில்ல."

"உள்ள இல்லாதது வெளிய எப்படிங்க வரும்?" என்றார் அந்த அம்மா.

இதைக் கேட்டு என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. எனக்காக வக்காலத்து வாங்க எழுந்து வந்தார். முந்தானையை உதறிச் செருகினார். மூக்கை உறிஞ்சினார். வேலியோரம் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, "எம் மருமகளக் குத்தஞ் சொல்ல எங்கெங்கயிருந்தோ கெளம்பி வாராளுக. தங்கத்தைப் போயி பித்தளைங்கிறாளுக" என்று ஆரம்பித்தார். வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், காபியைத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். ஒரு மாமியாருக்கே யோசித்தவர்கள் அங்கே இரண்டு மாமியாரைப் பார்த்துவிட்டார்கள்.

நான் சினிமாவுக்குப் போனதும் அந்த நாடகத்தால்தான். யாரோ மொபைலில் பிடித்த வீடியோ ஒன்று சுற்றிச் சுற்றி ஒரு படக் கம்பெனிக்குப் போயிருக்கிறது. எங்கள் பக்கம் படப்பிடிப்பு ஒன்றும் அதிசயமில்லை. திராட்சைத் தோட்டம் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, பின்னால் மலை இருக்கிறது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் செலவில்லாமல் ஒரு காட்சி கிடைக்கும். தொப்பி போட்ட ஓர் உதவி இயக்குநர் வீடு தேடி வந்து என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உங்க முகத்துல மண்ணு இருக்கும்மா" என்றார்.

நான் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அது பாராட்டு என்று பிற்பாடுதான் விளங்கியது.

கதாநாயகியின் அப்பா செத்துப்போகிற காட்சி. துக்க வீட்டில் உட்கார்ந்து அழுகிற பெண்களில் நான் ஒருத்தி. காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். மேக்கப் போடுகிறவர் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், வாட்சைக் கழற்றச் சொன்னார். என் நிறம் போதவில்லை என்று முகத்திலும் கையிலும் கறுப்பாக எதையோ பூசினார். ஊர்க்காரி மாதிரி தெரிய வேண்டுமாம். வாடகைக்கு எடுத்திருந்தது என் சின்ன மாமனார் வீடு. அங்கிருந்த ஃபிரிட்ஜையும் மிக்சியையும் தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, சென்னையிலிருந்து லாரியில் வந்த மண்பானைகளை உள்ளே அடுக்கினார்கள். சின்ன மாமனார் அன்று முழுக்க ஃபிரிட்ஜுக்குக் காவல் இருந்தார்.

எனக்கு ஒரே ஒரு வசனம். செத்தவரைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். வட்டார மொழி சொல்லிக் கொடுப்பதற்கென்று சென்னையிலிருந்து ஒரு தம்பியைக் கூட்டி வந்திருந்தார்கள். "எங்கன போறீக?" என்று சொல்லிக் காட்டினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்படி இல்லம்மா. எங்கிட்டு போவுறிய."

"அப்படி இங்கன யாரும் பேச மாட்டாகளே தம்பி."

"தேனி ஸ்லாங் இதுதாம்மா. நான் ஆறு படம் பண்ணியிருக்கேன்."

ஆறு படம் செய்தவரோடு என்ன பேச முடியும். நான் பிறந்ததிலிருந்து பேசிய பாஷையை அரை மணி நேரத்தில் அவரிடம் சரியாகக் கற்றுக்கொண்டேன்.

வெயில் ஏறிய நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஒப்பாரி பாட வெளியூரிலிருந்து வரவழைத்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இயக்குநர் குடைக்குக் கீழே உட்கார்ந்தபடி, "இங்க யாருக்காவது பாட வருமா?" என்று கேட்டார். எங்கள் பக்கம் துட்டி கேட்கச் சாவு வீட்டில் போய் உட்காராத பொம்பளை கிடையாது. கேட்டுக் கேட்டு ராகம் காதில் கிடக்கும். ஆனால் ஊரில் யாராவது செத்ததற்குப் பாடியதை இங்கே எடுத்துப் பாடினால் அந்த வீட்டார் சும்மா விட மாட்டார்கள். அதனால் அங்கேயே புதிதாக எட்டு வரி கட்டினேன்.

மாடு வந்து நிக்குதய்யா
மம்பட்டி சாஞ்சிருக்கு
மடை தெறந்து பாஞ்ச தண்ணி
மறுகாலும் போயிருச்சு
எங்கனன்னு சொல்லாம
எந்திரிச்சுப் போன ராசா
இங்கன நான் ஒத்தையில
என்னன்னு நிப்பேனய்யா

கண்ணீருக்குக் கிளிசரின் போட்டிருந்தார்கள். மனசுக்குள் ஓடியது, வீட்டில் போட்டுவிட்டு வந்த தண்ணீர் மோட்டார். தொட்டி நிறைந்து வழிந்திருக்குமே என்கிற கவலையில் குரல் கொஞ்சம் நடுங்கியது. இயக்குநர் "கட்" சொன்னார். கேமராக்காரர் கண்ணைத் துடைத்தார். பாடையில் பிணமாகப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, டீ கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு, "எனக்கு இப்படி ஒரு சாவு வாய்க்கணும்மா" என்றார்.

ஒரு மாசம் கழித்துச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்ய வேண்டுமாம். ஊர் பண்ணைப்புரம் என்றதும் அங்கிருந்தவர்கள் எல்லாம் ஒரு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இசைக்குப் பேர்போன எங்கள் ஊரில் பிறந்த ஆடு கத்தினால்கூட அது ராகத்தில்தான் இருக்கும் என்று அவர்களுக்கு எண்ணம். நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவள்தான் என்பதை நானும் சொல்லவில்லை.

காதில் ஹெட்போனை மாட்டி, குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் நிறுத்தினார்கள். இசையமைப்பாளர் என் பையன் வயசுக்காரர், மரியாதையான பிள்ளை. நான் இரண்டு வரி பாடியதும் நிறுத்தினார்.

"அழுகை ரொம்ப இயல்பா இருக்கும்மா. கொஞ்சம் பீட்டுக்குள்ள அழுங்க."

காதுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. நாலு டிக்குக்குள் ஓர் அழுகையை முடிக்க வேண்டும். "நிப்பேனய்யா" என்கிற இடத்தில் வரும் இழுப்பை மட்டும் தனியாக எட்டுத் தடவை இழுக்கச் சொன்னார். ஒன்பதாவது தடவை அவர் கேட்காமலே இழுத்தேன், பழகிவிட்டது.

பாட்டு வெளியே வந்தபோது அதில் என் குரல் இருந்தது, துக்கம் இல்லை. அடியில் ஏழெட்டு மேளத்தைப் போட்டு, நடுவில் ஒருவர் இங்கிலீஷில் ஏதோ வேகமாகப் பேசி, என் இழுப்பு வருகிற இடத்தில் எல்லோரும் குதிக்கிற மாதிரி செய்துவிட்டார்கள். படம் இரண்டு வாரம் ஓடியது. பாட்டு நிற்கவே இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில், திருவிழாவில், ஜிம்மில், கல்யாண வரவேற்பில் என்று எங்கே போனாலும் நான் தாலியறுத்துக்கொண்டிருந்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு ஆடி வீடியோ போட்டார்கள். கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொன்னார்கள். வெட்டி முடித்ததும் மைக்கைக் கொடுத்து அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். புதுக்கடையில் முதல் விற்பனை என் ஒப்பாரியோடு நடந்தது. குமுளியில் ஒரு மேடையில், "சேச்சி, ஆ ராசா பாட்டு ஒந்நு" என்று மலையாளத்தில் கேட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கமும் என் ராசா செத்துவிட்டார்.

வீட்டுக்காரர்தான் பாவம். கூட வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் அதை ரிங்டோனாக வைத்திருந்தார்கள். யாருக்கு போன் வந்தாலும் அவர் பெண்டாட்டி அவரைப் பறிகொடுத்து அழுவாள். ஒருநாள் வேலை முடிந்து வந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர், சோற்றைப் பிசையாமலே சொன்னார்.

"இன்னைக்கு புதுசா வந்த இஞ்சினியர் எங்கிட்ட துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசுறாரு. நான் உசுரோட இருக்கேன்னு சொல்லித்தான் கைகுடுக்க வேண்டியதா இருக்கு."

ஒரு நல்லதும் நடந்தது. பையனுக்குப் பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள். போடியிலிருந்து வந்த சம்பந்தி, "ராசா பாட்டுப் பாடுனவுக வீடா, எம் பொண்ணு குடுத்து வச்சவ" என்று சொல்லி வெற்றிலை மாற்றினார். கொடுமைக்கார மாமியாரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஊரறியப் புருஷனுக்காக அழுதவள் மருமகளை எப்படிக் கொடுமைப்படுத்துவாள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

என் மாமியாருக்கு மட்டும் அந்தப் பாட்டில் ஒரு குறை இருந்தது. ஒருநாள் டிவியில் அது வந்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"இந்தா புள்ள, நான் போனா இதப் பாடிப்புடாத. இது ஆம்பளைக்குக் கட்டுனது. மம்பட்டி, மாடுன்னுட்டு. எனக்குத் தனியா ஒண்ணு கட்டி வையி."

"இப்ப என்ன அத்தை அதுக்கு அவசரம்?"

"ஒனக்குத்தான் கடை தெறக்கவே நேரஞ் சரியா இருக்கே. இப்பவே சொல்லி வச்சாத்தான் உண்டு."

கட்டுகிறேன் என்று சொன்னேன். கட்டவில்லை. நிஜமாகவே நேரமில்லை என்றும் சொல்ல முடியாது. உயிரோடு எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற ஒருத்திக்கு ஒப்பாரி கட்ட உட்கார்ந்தால் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. அனுமந்தன்பட்டியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சொந்தமில்லாதவர்களும் நிறையப் பேர் வந்தார்கள். அவர்கள் என் மாமியாரைப் பார்க்க வரவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. நான் தலைமாட்டில் போய் உட்கார்ந்ததும் சுற்றிலும் மொபைல்கள் உயர்ந்தன.

என் கொழுந்தன் பெண்டாட்டி காதோடு சொன்னாள். "அக்கா, எல்லாரும் காத்திருக்காக. ஆரம்பிங்க."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவருக்கென்று ஒரு வரி என்னிடம் இல்லை. மற்றவர்களுக்கு அழுத ராகம் தொண்டையில் வந்து நின்றது, அதை உள்ளே தள்ளினேன். அவருடைய முந்தானை ஒரு பக்கம் நழுவியிருந்தது. அதை எடுத்துச் செருகிவிட்டேன். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மொபைல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பின்னாலிருந்து ஒரு பெண் பேசியது கேட்டது.

"படத்துல எவனோ செத்ததுக்கு அம்புட்டு அழுதாக. சொந்த மாமியாளுக்கு வாயத் தெறக்கலையே."

"கேமரா சரியா இல்லையோ என்னமோ" என்றாள் இன்னொருத்தி.

ஒலிபெருக்கி கட்ட வந்தவர் நல்ல எண்ணத்தில்தான் அதைச் செய்திருப்பார். வீடு அமைதியாக இருப்பதைப் பார்த்து, குறையை நிரப்ப என் பாட்டைப் போட்டுவிட்டார். மேளம் அதிர்ந்தது. தெருவில் நின்ற சின்னப் பிள்ளைகள் பழக்கத்தில் ஆடத் தொடங்கின. வாசலில் தாயைப் பறிகொடுத்து நின்ற என் வீட்டுக்காரர், தான் செத்ததற்காக நான் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நடந்து போய் அந்த ஒயரைப் பிடுங்கினார். திரும்பி வந்து என் பக்கத்தில், பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில், தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அது பாட்டாக இல்லை, நாலு டிக்குக்குள் முடியவும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு, அழுகிற வேஷம் இனி வேண்டாம் என்று, பாட்டுக்குப் பின் அழ மட்டுமே கூப்பிட்டுவந்த எல்லாக் கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன். ஆறு மாசம் ஒரு போனும் வரவில்லை. அதன் பிறகு ஒருவர் கூப்பிட்டார்.

"அழ வேண்டாம்மா. படுத்தா மட்டும் போதும்."

கதாநாயகிக்கு அம்மா. படம் தொடங்குகிறபோதே செத்துவிடுகிறவள். ஒத்துக்கொண்டேன். சுருளிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் படப்பிடிப்பு. மாலை போட்டு நார்க்கட்டிலில் படுக்க வைத்தார்கள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுகமான வேலை எனக்குக் கிடைத்ததில்லை. கதாநாயகி மும்பையிலிருந்து வந்த பெண், இருபது வயசு இருக்கும். தமிழ் வராது. வசனத்துக்குப் பதில் என் நெஞ்சில் விழுந்து இந்தியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி அழுதாள். முப்பது வரை எண்ணச் சொல்லியிருந்தார்கள். கடைசித் தடவை பதினேழில் நின்றுவிட்டது. அதன் பிறகு எண்கள் வரவில்லை. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அந்தப் பெண் நிஜமாகவே தேம்பினாள். அவளுக்கு யார் நினைவு வந்ததோ, எத்தனை நாளாக வீட்டை விட்டு வந்திருந்தாளோ, எனக்குத் தெரியாது. என் கை தானாக எழுந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

"கட்" என்றார் இயக்குநர். "பொணம் ஏம்மா தட்டிக்குடுக்குது?"

"புள்ள அழுகுதுங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் என் கையை விடவில்லை. இயக்குநர் அதைத் திரும்பத் திரும்ப மானிட்டரில் போட்டுப் பார்த்தார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கதையை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அம்மா சாகவில்லை, உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிணத்திலிருந்து நோயாளியாக எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கூடவே மூன்று காட்சியும் இரண்டு வசனமும்.

படம் வந்தபோது இரண்டில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. "கொஞ்சம் தண்ணி குடு ஆத்தா." கம்பத்துத் தியேட்டரில் மத்தியானக் காட்சிக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். முன்னால் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். திரையில் அந்தப் பெண் செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள், நான் குடித்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது வீட்டுக்காரர், "தண்ணி குடிச்சது நல்லா இருந்துச்சு" என்றார். என் நடிப்பைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.